கந்தளாயில் ஒரு பழைய ஸ்கூட்டி

திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதியால் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றால் கந்தளாய். கப்பல்துறை, பாலம்போட்டாறு, தம்பலகாமம் சந்தி, முள்ளிப்பொத்தானை என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இந்தப் பாதையில் இடத்தைக் கேட்டால் இன்றும் 95ஆம் கட்டை, 96ஆம் கட்டை என்று பழைய மைல்கல் எண்ணைத்தான் சொல்வார்கள். யுத்த காலத்தில் இதே பாதையில் சோதனைச்சாவடிகளில் இறங்கி, ஏறி, பையைத் திறந்து காட்டித்தான் பயணம் செய்தோம். இப்போது பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் ஒரு மணித்தியாலத்தில் போய்விடலாம்.

கந்தளாய் என்றதும் குளம்தான் முதலில் நினைவுக்கு வரும். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கிரபோதி மன்னன் கட்டிய குளம் என்று வரலாறு சொல்கிறது. குளக்கோட்டு மன்னன் கட்டியது என்பது எங்கள் மக்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. தம்பலகாமத்து வயல்களுக்கும் இந்தக் குளத்து நீர்தான் பாய்கிறது. 1986 ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இந்தக் குளக்கட்டு உடைந்து 120இற்கு மேற்பட்ட உயிர்கள் பலியாகின. ஊரில் வயதானவர்கள் அந்த இரவை இன்னும் மறக்கவில்லை. பலருக்கு வேலை கொடுத்த சீனித் தொழிற்சாலையும் 1993இல் மூடப்பட்டது. ஆனாலும் ஊர் ஓய்ந்துவிடவில்லை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூவரும் சந்தையில் ஒன்றாக நின்று பேரம் பேசுவதைப் பார்க்கலாம். வீதியோரத்தில் தயிர்ச்சட்டிகள் அடுக்கி வைத்திருக்கும். கராஜ்களும் வாகன விற்பனை இடங்களும் பிரதான வீதி நெடுகிலும் உண்டு.

இந்தத் தை மாதம் நான் கந்தளாய்க்குப் போனது குளம் பார்க்க அல்ல. என் தங்கையின் மகளுக்கு ஒரு பழைய வாகனம் பார்த்து வாங்கப் போனேன். அங்கே கண்டதும் கற்றதும் என்னைப் போன்ற சகோதரிகளுக்கு உதவும் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஏன் ஒரு வாகனம்?

என் பெறாமகள் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறாள். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் இந்த வளாகம் நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிறது. கந்தளாயிலிருந்து நாள்தோறும் போய்வர முடியாது என்பதால் பாலையூற்றில் என் வீட்டில் தங்கியிருக்கிறாள். பாலையூற்றிலிருந்து நகர பஸ் நிலையத்திற்கு ஒரு பஸ், அங்கிருந்து நிலாவெளிப் பக்கம் இன்னொரு பஸ். காலையில் ஒரு பஸ் தவறினால் முதல் வகுப்பு போய்விடும். மாலையில் பிந்தினால் இருட்டில் வீதியில் நிற்கவேண்டும். ஓட்டோ பிடித்தால் அவளுடைய மாதச் செலவு முழுவதும் அதற்கே சரி. இரண்டாம் ஆண்டு வந்ததும் தங்கை சொன்னாள்: “அக்கா, பிள்ளை படிப்பை விட்டுட்டு பஸ்ஸைப் பற்றித்தான் நெடுகக் கவலைப்படுறாள். இதுக்கொரு வழி செய்வோம்.”

தங்கை தயிர் விற்றுப் பிழைக்கிறவள். அவளிடம் சீட்டில் எடுத்த இரண்டு இலட்சமும் ஒரு பசு விற்ற ஒரு இலட்சமும் இருந்தன. மொத்தம் மூன்று இலட்சம் ரூபா. லீசிங் எடுக்க அவள் விரும்பவில்லை. லீசிங்கில் எடுத்தால் கடன் கட்டி முடியும்வரை வாகனம் கம்பனிக்கே சொந்தம். தவணை தவறினால் வாகனத்தையும் கொண்டுபோவார்கள், அதுவரை கட்டிய காசும் போனதுதான். வாரக் கடன் எடுத்து வாங்கலாம் என்று ஒருவர் சொன்னார். வாரக் கடனால் எத்தனை வீடுகளில் பெண்கள் கதவைப் பூட்டிக்கொண்டு ஒளிந்தார்கள் என்பது எங்கள் மாவட்டத்திற்குத் தெரியாததல்ல. கையில் உள்ள காசுக்கு உள்ளே வாங்குவது என்று முடிவு செய்தோம்.

அதிலும் தங்கை ஒரு கணக்கு வைத்தாள். வாகனத்திற்கு இரண்டரை இலட்சம். மிச்சம் ஐம்பதாயிரம் பெயர் மாற்றத்திற்கும், ரயருக்கும், காப்புறுதிக்கும், இரண்டு ஹெல்மட்டிற்கும். பழைய வாகனம் வாங்கும் எவரும் இப்படி ஆறில் ஒரு பங்கையாவது ஒதுக்கி வைப்பது நல்லது. வாங்கிய முதல் மாதத்தில் ஏதாவது செலவு வராமல் இருக்காது.

காரா, ஸ்கூட்டியா?

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் ஒருவர், “பழைய கார் ஒன்று எடுங்கோ, நானும் கொஞ்சம் அனுப்புறன். மழை வெயில் படாது” என்றார். நல்ல மனதோடு சொன்னது. ஆகவே அதையும் யோசித்தோம்.

எங்கள் நாட்டில் சாதாரண குடும்பம் முதலில் நினைக்கும் கார் மாருதி 800. 796 சீசீ எஞ்சின், மூன்று சிலிண்டர், உதிரிப்பாகம் எந்த ஊரிலும் கிடைக்கும், எந்த மெக்கானிக்கும் திருத்துவார். ஆனால் அந்தக் காரின் உற்பத்தி 2014இல் நின்றுவிட்டது. ஆகவே சந்தையில் உள்ள எந்த மாருதி 800உம் இன்று பத்து வயதைத் தாண்டியதுதான். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பழைய கார்களின் விலை ஏழைக்கு எட்டாத உயரத்திற்குப் போய்விட்டது.

வாங்கும் விலை மட்டுமல்ல, ஓட்டும் செலவும் இருக்கிறது. பாலையூற்றிலிருந்து வளாகத்திற்குப் போய்வர நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 கிலோமீற்றர். கிழமைக்கு ஐந்து நாள் என்றால் 125 கிலோமீற்றர். லீற்றருக்கு 45 கிலோமீற்றர் ஓடும் ஸ்கூட்டிக்கு மூன்று லீற்றர் பெற்றோல் போதும். லீற்றருக்கு 15 கிலோமீற்றர் ஓடும் காருக்கு எட்டு லீற்றருக்கு மேல் வேண்டும். 2022 ஜூன் மாதம் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனதை நாம் மறக்கக்கூடாது. அடுத்த மாதம் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தார்கள். அப்படியொரு காலம் திரும்பி வந்தாலும் இந்தப் பிள்ளையின் ஸ்கூட்டி வளாகத்திற்குப் போய்வரும்.

எனவே ஸ்கூட்டி என்று தீர்மானித்தோம். எந்த ஸ்கூட்டி என்பதற்கு லைசன்ஸையும் பார்க்க வேண்டும். எங்கள் நாட்டில் 100 சீசீ வரையுள்ள மோட்டார் சைக்கிளுக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேற்பட்டதற்கு ஏ வகுப்பு. பிள்ளையிடம் இருப்பது ஏ1. டிவிஎஸ் ஸ்கூட்டி பெப் பிளஸ் 88 சீசீக்கும் குறைவு, எடையும் நூறு கிலோவுக்குக் குறைவு. மெலிந்த பிள்ளையும் தனியாக ஸ்டாண்ட் போடலாம். ஹொண்டா டியோ நல்ல வாகனம்தான், ஆனால் 100 சீசீக்கு மேற்பட்டது. அவளுடைய லைசன்ஸிற்கு அது பொருந்தாது. லைசன்ஸ் பொருந்தாமல் ஓடி விபத்து நடந்தால் காப்புறுதியிலும் சிக்கல் வரும்.

பார்த்த மூன்று வாகனங்கள்

தங்கை வீட்டிற்குப் பக்கத்தில் கராஜ் வைத்திருக்கும் நானா ஒருவர் எங்களோடு வந்தார். அரைநாள் வேலையை விட்டு வந்தவருக்குக் கூலி கொடுக்க முயன்றோம். “முதல்ல சாமானைப் பார்ப்பம் தங்கச்சி” என்று சொல்லிவிட்டார். வாங்குபவரின் பக்கம் நின்று பார்க்க, விற்பவருக்கு வேண்டாத ஒரு மெக்கானிக் அவசியம். அவருக்குக் கொடுக்கும் ஆயிரம் இரண்டாயிரம் வீண் செலவல்ல.

முதலாவது, பிரதான வீதியில் ஒரு விற்பனை இடத்தில் நின்றது. புதுப் பெயின்ற் பூசிப் பளபளவென்று இருந்தது. விலையும் நாங்கள் நினைத்ததைவிடக் குறைவு. நானா போனதும் எஞ்சினுக்குக் கிட்டக் கையை வைத்துப் பார்த்தார். நாங்கள் வருமுன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தார்கள். “குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகுது என்றுதான் பார்க்கணும். சூடாக்கி வைச்சா நோய் மறைஞ்சு போகும்” என்று எங்களுக்கு மெதுவாகச் சொன்னார். அதன் பிறகு புத்தகத்தைக் கேட்டோம். பதிவுப் புத்தகத்தில் இருந்த பெயர் விற்பவருடையதல்ல. குருநாகலில் உள்ள யாரோ ஒருவருடையது. அவர் கையொப்பம் இட்ட வெற்றுப் படிவம் ஒன்றை இணைத்து வைத்திருந்தார்கள். “இப்பிடித்தானே எல்லாரும் ஓடுறாங்க, பெயர் பிறகு மாத்தலாம்” என்றார் விற்பவர். தங்கை அந்த இடத்திலேயே, “எங்களுக்கு வேண்டாம்” என்று சொல்லிவிட்டாள்.

இரண்டாவது, ஒரு வீட்டில் நின்றது. ஸ்டார்ட் நன்றாக வந்தது. ஆனால் நானா சீற்றைத் தூக்கி, உள்ளே வயர்கள் போகும் இடத்தில் விரலை விட்டு எடுத்தார். விரலில் உலர்ந்த சேறு. முன்விளக்கின் உள்ளே நீர்க்கறை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வெள்ளத்தில் மூழ்கிய வாகனம் என்பது தெரிந்தது. வீட்டுக்காரர் நேர்மையாக ஒத்துக்கொண்டார். அவர்களும் வெள்ளத்தில் இழந்தவர்கள்தானே, மனத்தாங்கல் இல்லாமல் பேசி விடைபெற்றோம். வெள்ளத்தில் நின்ற வாகனம் சில மாதம் நன்றாக ஓடும். பிறகு வயர், ஸ்டார்ட்டர், பெயாரிங் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகும். வெள்ளம் வந்த ஆண்டிலும் அதற்கு அடுத்த ஆண்டிலும் பழைய வாகனம் வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, இடமாற்றம் பெற்றுப் போகவிருந்த சிங்களத் தாதி ஒருவருடையது. பெயின்ற் மங்கியிருந்தது, பக்கத்தில் ஒரு கீறலும் இருந்தது. ஆனால் அவரே முதல் உரிமையாளர். சேர்விஸ் செய்த துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் உறையில் சேர்த்து வைத்திருந்தார். நானா ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பார்த்தார். அவர் பார்த்த முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பட்டனாலும் காலாலும் ஸ்டார்ட் செய்து பார்த்தார். சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று கவனித்தார். நீலப் புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது, பெரிய வேலை இருக்கிறது என்று அர்த்தம். பிறகு சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் துணியால் துடைத்துப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். மீற்றரை அவர் நம்பவில்லை. மீற்றரைக் குறைக்கலாம், ஆனால் கால் வைக்கும் ரப்பரும் பிறேக் பிடியும் தேய்ந்ததை மறைக்க முடியாது என்றார். முன் போர்க்கில் ஒயில் கசிவு இல்லை. நேர் வீதியில் ஓட்டும்போது ஹாண்டில் ஒரு பக்கம் இழுக்கவில்லை. இழுத்தால் விழுந்து எழும்பிய வாகனமாக இருக்கலாம். ரயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கங்களைப் பிள்ளைக்குக் காட்டினார். 2319 என்று இருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த ரயர். பூ தேயாமல் இருந்தாலும் பழைய ரயர் வெடிக்கும். இந்த ஸ்கூட்டியின் பின் ரயர் மாற்ற வேண்டியதாக இருந்தது, உள்ளே ஓடும் ரப்பர் பெல்ட்டும் அப்படியே. அவற்றின் செலவைச் சொல்லி விலையைக் குறைத்துக் கேட்டோம். 265,000 சொன்னவர் 245,000 ரூபாவுக்கு உடன்பட்டார்.

பெயர் யாருடையது?

இனி இந்தக் கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

தங்கையின் கணவர் 2007ஆம் ஆண்டு வேலைக்கென்று போனவர். இன்றுவரை திரும்பவில்லை. அப்போது மகளுக்கு இரண்டு வயது. அவருடைய மோட்டார் சைக்கிள் அவர் பெயரிலேயே வீட்டுப் பின்புறக் கொட்டிலில் நிற்கிறது. கையில் ஒன்றுமில்லாத நாட்களில் அதை விற்றிருந்தால் ஒரு வருடச் சீவியத்திற்கு உதவியிருக்கும். விற்பதற்கு அவர் கையொப்பம் வேண்டும், அல்லது அவர் இறந்துவிட்டார் என்ற பத்திரம் வேண்டும். இறந்துவிட்டார் என்று எழுதித்தர அவள் சம்மதிக்கவில்லை. அது அவளுடைய முடிவு, அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அவளைப் போன்றவர்களுக்காக 2016இல் சட்டம் திருத்தப்பட்டு, மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமற்போனவர் என்று உறுதிப்படுத்தும் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு வந்தது. அதைக்கொண்டு காணாமற்போனவரின் சொத்தைத் தற்காலிகமாகப் பராமரிக்கலாம். தேவைப்படும் சகோதரிகள் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம். ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் அதற்குள் துருப்பிடித்துவிட்டது.

அதனால்தான் முதல் வாகனத்தைப் பார்த்த இடத்தில் தங்கை ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அவள் சொன்னது இதுதான்: “அக்கா, சாமான் எங்கட வீட்டில நின்றால் போதாது. பேப்பரில எங்கட பெயர் இருக்கவேணும்.”

எங்களில் எத்தனை பேருக்கு இது அனுபவம்! காணி தகப்பன் பெயரில், வீடு மாமனார் பெயரில், வள்ளம் கணவர் பெயரில். ஆள் இல்லாமல் போனபோது உழைத்துச் சேர்த்தது நம்முடையது என்று காட்ட ஒரு துண்டுக் கடதாசி இருக்கவில்லை. ஒரு பழைய ஸ்கூட்டி சிறிய சொத்துத்தான். ஆனால் ஒரு இளம் பெண்ணின் பெயரில் பதியப்படும் முதல் சொத்து அது.

பெயர் மாற்றத்திற்கு என்ன வேண்டும் என்பதையும் சொல்கிறேன். விற்பவர் கொடுக்கும் எம்.டி.ஏ. 8 படிவம், வாங்குபவர் நிரப்பும் எம்.டி.ஏ. 6 படிவம், அசல் பதிவுப் புத்தகம், இருவருடைய அடையாள அட்டைப் பிரதிகள். இவற்றை 14 நாட்களுக்குள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்குச் சமர்ப்பிக்க வேண்டும். புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்ற கடிதம் கைக்கு வரும்வரை ஒரு சதமும் கொடுக்கக்கூடாது. வரி அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்றிதழ் மூன்றும் நடைமுறையில் உள்ளனவா என்று திகதி பார்க்க வேண்டும். வரிப் பத்திரம் பல வருடம் கட்டாமல் கிடந்தால் நிலுவையும் தண்டமும் வாங்குபவர் தலையில்தான் விழும்.

பெயர் மாற்றாமல் ஓடுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. பழைய உரிமையாளர் இறந்தாலோ, வெளிநாடு போனாலோ, மனம் மாறினாலோ நீங்கள் எங்கும் போய் வழக்காட முடியாது. பொலிஸார் மறித்தால் வாகனம் உங்களுடையது என்று காட்டவும் வழியில்லை.

தாதி அம்மையார் காசு வாங்குமுன் எல்லாப் படிவங்களிலும் எங்கள் முன்னிலையில் கையொப்பமிட்டார். விலையையும் திகதியையும் எழுதி இரு பக்கமும் ஒப்பமிட்ட கடிதத்தில் நானா சாட்சியாக ஒப்பமிட்டார். சாவியைப் பிள்ளையின் கையில் கொடுத்து, “துவ, மெதுவாப் போங்க” என்றார் அவர். பிள்ளைக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்குக் கொண்டுவந்தது

கந்தளாயிலிருந்து திருகோணமலைக்கு அவளே ஓட்டி வருவதாகச் சொன்னாள். நாங்கள் விடவில்லை. லைசன்ஸ் எடுத்துச் சில மாதங்களே ஆனவளுக்கு லொறிகளும் தூரப் பஸ்களும் பறக்கும் அந்த வீதி ஏற்றதல்ல. மாலையானால் கந்தளாய்ப் பக்கம் யானைகளும் வீதிக்கு வரும். அயலவர் ஒருவரின் பட்டா லொறியில் ஏற்றி வந்தோம். பாலையூற்றில் இரண்டு கிழமை காலை நேரத்தில் உள்வீதிகளில் ஓடிப் பழகிய பிறகே வளாகத்திற்குக் கொண்டுபோனாள். ரயர், பெல்ட், பிறேக் கட்டை, ஒயில் எல்லாம் மாற்றவும், ஹெல்மட்டிற்கும், காப்புறுதிக்கும், பெயர் மாற்றத்திற்கும் சேர்த்து ஒதுக்கி வைத்த ஐம்பதாயிரத்தில் ஏறக்குறைய முழுவதும் செலவாயிற்று. வேறு யாரிடமும் கை நீட்டவில்லை.

சகோதரிகளே, பிள்ளைகளின் படிப்பிற்காக வாகனம் வாங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், முதலில் அது எந்த வீதியில், நாளுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடப்போகிறது என்று கணக்கிடுங்கள். உங்கள் ஊர் மெக்கானிக் திருத்தக்கூடிய வாகனமா, உதிரிப்பாகம் பக்கத்தில் கிடைக்குமா என்று கேளுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், பார்த்த அன்றே முற்பணம் கொடுக்காதீர்கள். பெயின்றைப் பார்த்து மயங்காமல் புத்தகத்தை வாங்கி வாசியுங்கள். புத்தகத்தில் உள்ளவரும் விற்பவரும் ஒருவரேயானால் மட்டும் விலை பேசுங்கள். வாகனம் யாருக்காக வாங்கப்படுகிறதோ அவருடைய பெயரிலேயே பதியுங்கள். பதிவுப் புத்தகம் வந்ததும் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை வீட்டிலும் இன்னொன்றை நம்பிக்கையான உறவினர் வீட்டிலும் வையுங்கள். இடம்பெயர்ந்து ஓடிய நாட்களில் கடதாசிகளை இழந்து நாம் பட்ட பாடு நம் பிள்ளைகளுக்கு வரவேண்டாம்.